மே மாதம், பத்து நாள், ஐரோப்பாவில் நடக்கப் போகிறோம்: எந்த மலை?

கொங்குக்காரன் | ஜனவரி 11, இரவு 9:40

வணக்கம். கோவையிலிருந்து எழுதுகிறேன். மே 4 முதல் 15 வரை ஐரோப்பா போவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. நான்கு பேர். நான், மனைவி, ஒன்பதாம் வகுப்பு முடிக்கும் பையன், 66 வயது அப்பா. அரண்மனை, மியூசியம், கடைத்தெரு எதுவும் வேண்டாம். நடக்க வேண்டும், மலை பார்க்க வேண்டும், பையனுக்கு ஒரு நாளாவது ராஃப்டிங் வேண்டும். அப்பா வெள்ளியங்கிரி ஏழு முறை ஏறியவர். ஏற்றத்தில் என்னை முந்துவார். ஆனால் இப்போது இறக்கத்தில் இடது மூட்டு முரண்டு பிடிக்கிறது.

இரண்டு வருடமாகப் படங்களாகச் சேர்த்து வைத்து ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். சுவிஸ் கிரிண்டெல்வால்டில் 3 நாள், இத்தாலியின் டோலமைட்ஸில் 2, ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் 1, ஸ்லோவேனியாவின் பிளெட் ஏரியில் 1, நார்வேயில் டிரோல்டுங்கா பாறைக்கு 3 நாள். விமானச் செலவு நீங்கலாக ஐந்து லட்சத்துக்குள் முடிக்கப் பார்க்கிறேன். முட்டை வரை சாப்பிடுவோம், கறி கிடையாது. டிரெக்கிங் ஷூ எனக்கு ஏற்கெனவே இருக்கிறது, மற்றவர்களுக்கு வாங்க வேண்டும்.

பட்டியலைப் பார்த்துவிட்டுத் தாராளமாகத் திட்டலாம்.

மழைக்கோட்டு | ஜனவரி 11, இரவு 11:15

முனிக்கில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், வார இறுதியானால் மலைதான். அதனால் உரிமையோடு திட்டுகிறேன்.

நாடுகளின் எண்ணிக்கையை அப்புறம் பேசலாம். முதலில் மாதம். நீங்கள் சேர்த்து வைத்த படங்கள் எல்லாம் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் எடுத்தவை. பச்சைப் புல்வெளி, மஞ்சள் பூ, பின்னால் வெள்ளைச் சிகரம். மே முதல் வாரத்தில் அதே இடத்தில் நின்றால் புல்வெளி பழுப்பாக இருக்கும், அதில் பாதி பனிக்கு அடியில் கிடக்கும்.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். டோலமைட்ஸில் எல்லாரும் நடக்கும் பாதை டிரே சீமே மூன்று கோபுரங்களைச் சுற்றி வரும் பத்து கிலோமீட்டர். அது ஆரம்பிக்கும் அவுரோன்சோ விடுதி 2,320 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே ஆரம்பத்தில் அந்தச் சாலையே பெரும்பாலும் திறந்திருக்காது. மலை விடுதிகள் ஜூன் 20 வாக்கில்தான் கதவைத் திறக்கும். கிரிண்டெல்வால்டுக்கு மேலே பாக்ஆல்ப்ஸே ஏரி 2,265 மீட்டரில் இருக்கிறது. ஷ்ரெக்ஹோர்ன் மலை தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் என்று நினைத்துப் போனால் உறைந்த வெள்ளைத் தட்டுதான் தெரியும். டிரோல்டுங்கா போய்வர 27, 28 கிலோமீட்டர், பத்துப் பன்னிரண்டு மணி நேரம். வழிகாட்டி இல்லாமல் போகும் பருவம் ஜூனில்தான் ஆரம்பம். அப்பாவை நினைத்துப் பாருங்கள்.

பயணத்தை செப்டம்பருக்குத் தள்ள முடியுமா?

சூலூர் செல்வம் | ஜனவரி 12, காலை 7:05

பயமுறுத்தாதீர்கள் அம்மா. நாங்கள் போன மே மாதம்தான் பாக்கேஜில் பன்னிரண்டு நாளில் ஏழு நாடு பார்த்தோம். சுவிஸில் யுங்ஃப்ராயோக் கணவாய் 3,454 மீட்டர், ரயிலிலேயே போய் இறங்கினோம், பனியில் ஆடினோம், திரும்பினோம். கூடவே சமையல்காரர், தினமும் சாதம் ரசம். அவ்வளவு தூரம் போய் ஒரே ஊரில் உட்கார்ந்திருக்க இது என்ன குற்றாலமா?

மழைக்கோட்டு | ஜனவரி 12, மதியம் 1:30

செல்வம் அண்ணா, உங்கள் பயணத்தில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதில் நீங்கள் எத்தனை கிலோமீட்டர் நடந்தீர்கள் என்று யோசியுங்கள். இவர் கேட்பது நடக்க. ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் பெட்டி கட்ட, வண்டி ஏற, புது அறையில் சாவி வாங்க என்று அரை நாள் போகும். ஐந்து ஊர் என்றால் பத்தில் கிட்டத்தட்ட மூன்று நாள் காலி. மலையில் மழை நாள் வேறு கழியும். மிச்சத்தில் எங்கே நடப்பது?

பேர்ன்வாசி | ஜனவரி 12, இரவு 8:50

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப முப்பது வருடத்துக்கு மேலாக சுவிஸ். எங்கள் ஊரைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் விட்டால் மனம் கேட்காது.

மேயில் இங்கு உயரத்தில் நடக்க ஏலாது என்பது உண்மைதான். பனிச்சறுக்குப் பருவம் முடிந்து கோடை தொடங்கும் வரைக்கும் பல ரோப் கார்களை நிறுத்திப் பராமரிப்பு வேலை பார்ப்பார்கள். ஆனால் பள்ளத்தாக்கின் அடி வேறு கதை. லவுட்டர்புருன்னென் மேயில்தான் வடிவு. பனி உருகி அருவிகள் எல்லாம் முழு வேகத்தில் விழும். ஸ்டவ்பாக் அருவி ஏறத்தாழ 300 மீட்டர், ஊருக்கு நடுவிலேயே விழுகிறது. அங்கிருந்து ஸ்டெஹெல்பெர்க் வரை ஆற்றோரமாகச் சமதரைப் பாதை, ஐயா கைவீசி நடக்கலாம். வழியில் டிரும்மெல்பாக் அருவி மலைக்கு உள்ளேயே விழுகிறது. ஈகர், மோங்க், யுங்ஃப்ராவ் மூன்று மலைகளின் பனியாற்றுத் தண்ணீரும் அந்த ஒரு பிளவுக்குள்ளால் இறங்குகிறது. நொடிக்கு 20,000 லீட்டர் வரை. உள்ளே நின்றால் பாறை அதிர்வது காலில் தெரியும்.

ஆனால் காசைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். இன்டர்லாக்கனில் இருந்து யுங்ஃப்ராயோக் போய்வர முழுக் கட்டணம் ஓர் ஆளுக்கு 200 பிராங்குக்கு மேல். ஐந்து லட்சத்தில் நான்கு பேர் பத்து நாள் என்றால் அடுப்புள்ள அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டாலும் இறுக்கம்தான்.

இன்னுமொன்று, தலைப்புக்குச் சம்பந்தமில்லை: உங்கள் ஊட்டி ரயிலின் பல்சக்கரத் தண்டவாள முறை ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியியலாளருடையது. பழைய நீராவி எஞ்சின்கள் வின்டர்தூரில் செய்தவை. இங்கே மலை ரயிலில் ஏறினால் உங்களுக்குப் பழகின சத்தமாக இருக்கும்.

கொங்குக்காரன் | ஜனவரி 13, காலை 6:20

அனைவருக்கும் நன்றி. மாதத்தை மாற்ற வழியே இல்லை. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு, அதற்கப்புறம் இரண்டு வருடம் பையனை அசைக்க முடியாது. மனைவிக்கும் மேயில்தான் விடுப்பு. அப்படியானால் கேள்வியைத் திருப்பிப் போடுகிறேன். மே முதல் பாதியில் ஐரோப்பாவில் எங்கே நன்றாக நடக்கலாம்?

மழைக்கோட்டு | ஜனவரி 13, மாலை 5:45

இப்போது கேட்டீர்களே, இது கேள்வி. மேயில் நடக்க வேண்டுமென்றால் ஒன்று தெற்கே போக வேண்டும், இல்லை தாழ இருக்க வேண்டும்.

தெற்கில் என்றால் கிரீட் தீவின் சமாரியா பள்ளத்தாக்கு. மே முதல் தேதி வாக்கில் திறப்பார்கள், 16 கிலோமீட்டர். ஆனால் 1,230 மீட்டரிலிருந்து கடல் வரை முழுக்க இறக்கம், அதுவும் உருளைக்கல். முடியும் ஊருக்குச் சாலை கிடையாது, படகு பிடித்துத்தான் வெளியே வர வேண்டும். பாதி வழியில் அப்பாவின் மூட்டு மக்கர் செய்தால் திரும்பி ஏறவும் முடியாது. வேண்டாம்.

இரண்டாவது மதேரா தீவு. மூன்றாவது ஸ்லோவேனியா, ஆனால் பிளெட்டில் ஒரு நாள் என்ற கணக்கு கிடையாது. பக்கத்தில் இருக்கும் போஹின் ஏரி, மலைக்கு அந்தப் பக்கம் சோச்சா ஆறு. அவ்வளவுதான் பட்டியல்.

லிஸ்பன் வழி | ஜனவரி 14, காலை 10:10

மதேராவுக்கு நான் பேசுகிறேன், இரண்டு முறை போயிருக்கிறேன். போர்ச்சுகலைச் சேர்ந்த தீவு, லிஸ்பனிலிருந்து விமானத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கே நடைபாதை என்பது வாய்க்கால் வரப்பு. நம் ஊர் வாய்க்கால் மாதிரியேதான். மழை பெய்யும் வடக்குப் பக்கத்திலிருந்து காய்ந்த தெற்குக்குக் கரும்புக்கும் வாழைக்கும் தண்ணீர் கொண்டுபோக, பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து மலையைக் குடைந்து வெட்டியிருக்கிறார்கள். லெவாடா என்று பெயர். தண்ணீர் மெல்ல ஓட வேண்டும் என்பதால் சரிவு தெரியவே தெரியாது, ஆகவே பாதையும் சமம். மூட்டுவலிக்காரருக்கு வரம்.

கல்டெய்ராவ் வெர்டே என்ற பாதை போய்வர 13 கிலோமீட்டர். ஒரு கையில் ஓடும் வாய்க்கால், மறு பக்கம் பள்ளம். பாதை அகலம் சில இடங்களில் இரண்டடி, கம்பி வேலி உண்டு. நடுவே சுரங்கங்கள், டார்ச் இல்லாமல் போக முடியாது, தலையைக் குனியாவிட்டால் பாறை தட்டும். சுற்றிலும் லாரல் காடு, 1999 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. முடிவில் நூறு மீட்டர் அருவி.

குறையையும் சொல்லிவிடுகிறேன். உயரத்தைப் பார்த்தால் தலை சுற்றுபவர்களுக்கு ஆகாது. ஃபுஞ்சால் விமான நிலையம் காற்றுக்குப் பேர்போனது. ஓடுதளத்தின் ஒரு பகுதி கடலோரத்தில் தூண்களின்மேல் நிற்கிறது. காற்று அடித்தால் விமானத்தைத் திருப்பிவிடுவார்கள். எனக்கு ஒரு முறை ஒரு நாள் முழுதும் போயிற்று.

கொங்குக்காரன் | ஜனவரி 14, இரவு 9:00

அடடா, மனைவிக்கு மாடியிலிருந்து கீழே பார்த்தாலே உள்ளங்கால் கூசும். மதேரா படத்தைக் காட்டியதும் "நீங்க போயிட்டு வாங்க" என்றுவிட்டாள். சோச்சா பற்றி யாராவது விரிவாகச் சொல்லுங்களேன்.

ஓடக்காரன் | ஜனவரி 15, மதியம் 12:25

என்னைக் கூப்பிட்ட மாதிரி இருக்கிறது. துடுப்புப் பைத்தியம் நான், சோச்சாவில் மூன்று கோடை கழித்திருக்கிறேன்.

ஆற்றின் நிறத்தைப் படத்தில் பார்த்து, மெருகேற்றிய படம் என்று நினைத்திருப்பீர்கள். நேரிலும் அதே நிறம்தான். சுண்ணாம்புக் கல் மலை, அடியில் வெள்ளைக் கூழாங்கல், பனி உருகிய தண்ணீர், மூன்றும் சேர்ந்து அப்படி ஒரு பச்சை-நீலம். மொத்தம் 138 கிலோமீட்டர், அதில் 96 ஸ்லோவேனியாவுக்குள். பிறகு இத்தாலிக்குள் போய் இசோன்சோ என்று பெயர் மாறி கடலில் விழுகிறது.

ராஃப்டிங்குக்கு போவெட்ஸ் ஊர்தான் தலைநகரம். மேயில் பனி உருகும் காலம், தண்ணீர் நிறைய, வேகம் நன்றாக இருக்கும். ஆனால் பல்லைக் கிட்ட வைக்கும் குளிர். வெட்சூட், ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் எல்லாம் அவர்களே தருவார்கள். பதினான்கு வயதுப் பையனுக்குத் தாராளமாகப் போதும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: முந்தின இரவு கனமழை பெய்து ஆறு கலங்கி ஓடினால், நல்ல வழிகாட்டி தானே ரத்து செய்வார். பணம் போகிறதே என்று அவரைக் கெஞ்சாதீர்கள். போவெட்ஸில் நான்கு நாள் தங்குங்கள், முதல் நாளே ராஃப்டிங்குக்குப் பதியுங்கள். ரத்தானாலும் கையில் மூன்று நாள் மிச்சம் இருக்கும்.

அப்பாவுக்கு சோச்சா பாதை. ஆறு பிறக்கும் இடத்தருகிலிருந்து போவெட்ஸ் வரை ஆற்றை ஒட்டியே போகிறது, இருபது கிலோமீட்டருக்கு மேல். முழுதும் நடக்க வேண்டியதில்லை, சாலை கூடவே வருவதால் நினைத்த இடத்தில் ஏறலாம், இறங்கலாம். நடுவே தொங்கு பாலங்கள். பெரிய குடைவு என்று ஓர் இடம், 750 மீட்டர் நீளத்துக்கு ஆறு பாறையை அறுத்துக்கொண்டு போகும். அங்கே அரை நாள் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

மழை பெய்தால் கோபாரிட் அருங்காட்சியகம். மியூசியம் வேண்டாம் என்றீர்கள், தெரியும். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் முதல் உலகப் போரின்போது 1915 முதல் 1917 வரை பன்னிரண்டு சண்டை நடந்திருக்கிறது. நீங்கள் நடக்கும் பாதைகளில் பாதி அன்று சிப்பாய்கள் வெட்டியவை. அதைப் பார்த்த பிறகு நடந்தால் கண் வேறு மாதிரி பார்க்கும்.

சூலூர் செல்வம் | ஜனவரி 15, இரவு 7:30

எல்லாரும் மழை பெய்தால், மழை பெய்தால் என்கிறீர்களே. மழை பெய்கிற ஊருக்கு லட்சக்கணக்கில் செலவு செய்து போவானேன்?

மழைக்கோட்டு | ஜனவரி 15, இரவு 10:05

ஆல்ப்ஸில் மழை பெய்யாத ஊர் இருந்தால் சொல்லுங்கள் அண்ணா, நானே குடிபோகிறேன். போஹின் மழைக்குப் பேர்போன இடம்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்த மழையால்தான் சவிட்சா அருவி மேயில் அப்படி விழுகிறது. 78 மீட்டர், பாறை நடுவிலிருந்து இரண்டாகப் பிரிந்து வரும். ஏறிப் பார்க்க ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். மருதமலைக்குப் பழகியவர்களுக்கு அது ஒன்றும் இல்லை.

ஊரைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் சோதனை இது. மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்தால் அங்கே என்ன செய்வேன்? இரண்டு பதிலாவது வந்தால்தான் அறை பதிவு செய்வேன். ஏரிக்கரையில் குடைபிடித்து நடக்கலாம் என்பதும் ஒரு பதில். போஹின் ஏரியைச் சுற்றி வர சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை. இயந்திரப் படகுகளுக்கு அனுமதி இல்லை, மின்சாரப் படகு மட்டும். அதனால் சத்தமே இருக்காது. அப்பா களைத்தால் பாதியில் அந்தப் படகில் ஏறித் திரும்பலாம். ஆனால் கோடை அட்டவணை தொடங்கிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்தாரா ஃபுஜினா கிராமத்திலிருந்து மோஸ்த்னிட்சா குடைவு நடை. இதையும் எழுதி வையுங்கள். அப்பாவுக்கு அதுதான் பிடிக்கப்போகிறது என்று என் கணிப்பு.

பாஸ்போர்ட் பாண்டி | ஜனவரி 16, காலை 9:15

விசா பற்றி யாரும் பேசவில்லையே. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) கேட்க வேண்டும். இரவுகள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. வெனிஸில் இறங்கினாலும் பத்து இரவும் ஸ்லோவேனியா என்றால் ஸ்லோவேனியாதான். "இத்தாலி சீக்கிரம் தருவான்" என்று அங்கே போய் நிற்காதீர்கள், பதிவுச் சீட்டுகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கட்டணம் பன்னிரண்டு வயதுக்கு மேல் எல்லாருக்கும் 90 யூரோ, பையனுக்கும் சேர்த்து. சேவை மையக் கட்டணம் தனி.

காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும் என்பது விதி. எல்லாரும் அதோடு நிறுத்திவிடுவார்கள். விலக்குகள் பகுதியை உட்கார்ந்து படியுங்கள். பல பாலிசிகளில் ராஃப்டிங், குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மலையேற்றம், ஹெலிகாப்டர் மீட்பு எல்லாம் கழித்துவிட்டிருப்பார்கள். கொஞ்சம் கூடுதல் கட்டினால் சேர்க்கலாம். அப்பாவின் மூட்டு ஏற்கெனவே உள்ள நோய், அதையும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள்.

பேர்ன்வாசி | ஜனவரி 16, இரவு 9:30

பாண்டி அண்ணை சொன்னது சரி. மீட்புக்கு ஐரோப்பா முழுக்க 112 இலக்கம். தொலைபேசி எடுபடாத இடத்தில் விசில் அல்லது டார்ச். நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு. எல்லா ஆல்ப்ஸ் நாடுகளிலும் இதுதான் முறை. மகனுக்குச் சொல்லிக் கொடுங்கோ, பிள்ளைகள் மறக்காது.

அடையாளங்களும் நாட்டுக்கு நாடு மாறும். இங்கே மஞ்சள் பலகை என்றால் சாதாரண நடை, வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு என்றால் மலைப் பாதை, வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கயிறு பிடித்து ஏறவும் பனியில் நடக்கவும் தெரிந்தவர்களுக்கு மட்டும். ஸ்லோவேனியாவில் சிவப்பு வளையத்துக்குள் வெள்ளைப் புள்ளி, பாறையிலும் மரத்திலும் பூசியிருக்கும். பலகையில் போட்டிருக்கும் நேரம் ஓய்வு எடுக்காமல் நடப்பவருக்கு. உங்களுக்கு ஒன்றரை மடங்கு என்று கணக்கு வையுங்கள்.

சுவிஸை விட்டுவிட்டீர்கள் என்று எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம்தான்.

கொங்குக்காரன் | ஜனவரி 19, மாலை 6:10

வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம். வெனிஸில் இறங்கி வாடகைக் கார், மூன்று மணி நேரத்தில் போஹின். அங்கே ஆறு இரவு. பிறகு விர்ஷிச் கணவாய் வழியாக போவெட்ஸ், நான்கு இரவு. பிளெட் அரை நாள், போகும் வழியில். அவ்வளவுதான். பட்டியலில் இருந்த மற்ற நாடுகளைப் பையனுக்கு எழுதி வைக்கிறேன், அவன் சம்பாதித்துப் போகட்டும்.

விர்ஷிச் பற்றிக் கேட்க வேண்டும். ஐம்பது கொண்டை ஊசி வளைவு என்கிறார்கள். வால்பாறைக்கு நாற்பது வளைவு ஏறிப் பழக்கம்தான், ஆனால் வலப்பக்க ஓட்டம் புதிது.

ஓடக்காரன் | ஜனவரி 19, இரவு 8:40

வால்பாறை ஓட்டியவருக்கு விர்ஷிச் பயமில்லை. உச்சி 1,611 மீட்டர். ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட்டிருக்கும், வடக்குப் பக்க வளைவுகளில் கருங்கல் பாவியிருக்கும், மழையில் வழுக்கும். எட்டாவது வளைவில் நிறுத்துங்கள். முதல் உலகப் போரில் இந்தச் சாலையைப் போட ரஷ்யக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். 1916 மார்ச்சில் பனிச்சரிவு வந்து ஏராளமானவர்களை மூடிவிட்டது. உயிர் பிழைத்தவர்கள் கட்டிய சின்ன மரக் கோயில் அங்கே இருக்கிறது.

ஆனால் ஒன்று. மே ஆரம்பத்தில் திடீரென்று பனி விழுந்தால் கணவாயை மூடிவிடுவார்கள். அப்போது போஹின்ஸ்கா பிஸ்த்ரிட்சாவிலிருந்து கார் ஏற்றும் ரயில் இருக்கிறது, மலைக்கு அடியில் சுரங்கம் வழியாக மறுபக்கம் இறக்கிவிடும். 1906-ல் திறந்த ரயில் பாதை, சுரங்கம் ஆறு கிலோமீட்டருக்கு மேல். நேர அட்டவணையைக் கைபேசியில் வைத்திருங்கள். நெடுஞ்சாலையில் ஏறுவதாக இருந்தால் வின்யெட் என்ற சாலைவரியை முன்பே கட்டிவிட வேண்டும், இணையத்திலேயே கட்டலாம். பன்னாட்டு ஓட்டுநர் உரிமமும் மறக்க வேண்டாம்.

மழைக்கோட்டு | ஜனவரி 20, காலை 11:50

சாப்பாட்டுக்கு: மலைக் கடைகளில் சூப் என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம், பார்லி சூப்பிலும் பீன்ஸ் சூப்பிலும் பன்றிக்கறித் துண்டு மிதக்கும். கேட்டு வாங்குங்கள். ஷ்ட்ருக்லி என்று பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டி வேகவைப்பது கிடைக்கும், பிரச்சினை இல்லை. ஆஜ்தோவி ஜ்கான்சி கிட்டத்தட்ட நம் களிதான், கேப்பைக்குப் பதில் பக்வீட் என்ற தானிய மாவு. மேலே கறிக் கொழுப்பு போடாமல் தயிரோடு கேளுங்கள், அப்பா கேப்பைக்களி என்றே சாப்பிடுவார். அடுப்புள்ள வீடு எடுத்து, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுவாருங்கள். நெய் மட்டும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களை உள்ளே கொண்டுவரத் தடை, விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள்.

அப்பாவுக்கு இரண்டு ஊன்றுகோல் கட்டாயம். இறக்கத்தில் மூட்டின் சுமையைக் கை வாங்கிக்கொள்ளும். அப்புறம் அந்த "ஏற்கெனவே இருக்கும்" ஷூ எத்தனை வருடப் பழசு?

கொங்குக்காரன் | ஜனவரி 20, இரவு 9:20

ஆறு வருடம். இரண்டே முறை போட்டது, புத்தம் புதுசு மாதிரி இருக்கிறது.

மழைக்கோட்டு | ஜனவரி 20, இரவு 9:35

அதுதான் பயம். போடாமல் பெட்டியில் வைத்த ஷூவின் நடு அடி, காற்று ஈரத்தில் தானே உளுத்துப்போகும். வெளியே தெரியாது. ஒரு மாதம் தினமும் போட்டு நடந்து பாருங்கள்.

கொங்குக்காரன் | மே 24, இரவு 10:15

வந்துவிட்டோம். இவ்வளவு உதவி செய்தவர்களுக்குக் கணக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது.

முதலில் ஷூ. மழைக்கோட்டு அவர்கள் சொன்னதைக் கேட்கவில்லை. சவிட்சா படிகளில் பாதி ஏறியபோது வலது கால் ஷூ முன்பக்கம் முதலை வாய் பிளந்த மாதிரி திறந்தது. பத்துப் படி தாண்டி இடது காலும். மனைவியின் துப்பட்டாவைக் கிழித்து இரண்டையும் கட்டிக்கொண்டு மீதிப் படிகள் ஏறினேன். பையன் படம் எடுத்து சொந்தக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டான், சித்தப்பா இன்னும் சிரிக்கிறார். மறுநாள் புது ஷூவுக்குக் கொடுத்த விலையை இங்கே எழுதப் போவதில்லை.

போஹினில் ஆறு நாளில் மூன்று நாள் மழை. குடை பிடித்துக்கொண்டு ஏரியைச் சுற்றினோம். அந்த நாளைத்தான் மனைவி இப்போது எல்லாரிடமும் சொல்கிறாள். தண்ணீரில் மழை விழும் சத்தத்தைத் தவிர ஒரு சத்தம் இல்லை, வழியில் எதிர்ப்பட்டது மொத்தம் ஏழு பேர். மோஸ்த்னிட்சா கணிப்பு பலித்தது. பாறையில் தண்ணீர் குடைந்த ஒரு குழியில் வெள்ளைக்கல் ஒன்று சுழன்றுகொண்டே இருந்தது. அப்பா அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மில்லில் ஷிஃப்ட் பார்த்தவர், "இதுக்கு மோட்டார் எங்கே இருக்கு" என்றார்.

போவெட்ஸ் கிளம்பும் காலையில் விர்ஷிச்சில் புதுப் பனி, சாலை மூடல். ரயிலில் காரை ஏற்றினோம். இறங்க வேண்டாம், காருக்குள்ளேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நான், கார் நிற்கிறது, ஆனால் ஓடுகிறது. சுரங்கத்துக்குள் நுழைந்ததும் கும்மிருட்டு, கண்ணாடி முழுக்க ஈரம் படிந்துவிட்டது. என் கால் என்னையறியாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. வெளியே வந்தால் வெயில்! ஒரே மலை, அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் சட்டை காயும் வெயில்.

ராஃப்டிங் முதல் நாள் ரத்து, ஆறு கலங்கி ஓடியது. மூன்றாம் நாள் நடந்தது. பையன் உதடு நீலமாகத் திரும்பி வந்து, மறுபடி போகலாமா என்றான். நாங்கள் மூன்று பேரும் கரையில் இருந்தோம். தொங்கு பாலத்தில் மனைவி அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு கடந்தாள். அப்பா வேண்டுமென்றே நடுவில் நின்றார்.

கோபாரிட் அருங்காட்சியகமும் போனோம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

செலவு ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது, ஷூவையும் சேர்த்து. கார் திருப்பிக் கொடுத்த இடத்தில் ஏற்கெனவே இருந்த கீறலுக்கு எங்களிடம் பணம் கேட்டார்கள். வாங்கும்போது சுற்றி வந்து காணொளி எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தோம்.

மழைக்கோட்டு | மே 24, இரவு 11:02

ஷூ படம் இங்கே வராதா?

பேர்ன்வாசி | மே 25, காலை 7:40

ஐயாவுக்கு மூட்டு எப்படி?

கொங்குக்காரன் | மே 25, காலை 8:15

ஊன்றுகோல் இரண்டையும் கோவையிலும் விடமாட்டேன் என்கிறார். காலையில் பால் வாங்கப் போவதும் அதோடுதான். நேற்று கேட்டார், ஊட்டி ரயிலைப் பற்றிச் சொன்ன அந்த ரயில்காரர் இருக்கும் சுவிஸ் எத்தனை ரூபாய் ஆகும் என்று.

பேர்ன்வாசி | மே 25, காலை 8:21

ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. தங்குவதற்கு எங்கள் வீடு இருக்கு. செப்டம்பரில்.

சூலூர் செல்வம் | மே 25, காலை 9:00

அந்த சுரங்க ரயில், பாக்கேஜில் வருமா?